சொந்த டிராக்டரைச் சொந்த லாரியில் ஏற்றிப் போக என்னென்ன வேண்டும்?

கேள்வி இதுதான். தஞ்சைப் பக்கம் இரண்டு 45 எச்.பி. டிராக்டர் வைத்திருப்பவர், உழவு சீசனில் அவற்றை வெளி மாவட்டங்களுக்கும் ஆந்திராவுக்கும் கொண்டுபோகப் பழைய லாரி ஒன்று வாங்கப் பார்க்கிறார். லாரியை வாடகைக்கு விடப் போவதில்லை, ஏற்றுவது தன் டிராக்டரை மட்டுமே. அதற்கும் பெர்மிட் வேண்டுமா? என்ன லைசென்ஸ் வேண்டும்?

பெர்மிட் வேண்டும். ஏற்றும் பொருள் யாருடையது என்று இன்றைய சட்டம் கேட்பதே இல்லை. வண்டி எந்த வகை, அதன் மொத்த எடை எவ்வளவு என்ற இரண்டைத்தான் அது பார்க்கிறது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்தச் சரக்குக்குப் பிரைவேட் கேரியர், வாடகைக்குப் பப்ளிக் கேரியர் என்று தனித்தனிப் பெர்மிட் இருந்தது. பழைய லாரிகளின் நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று எழுதியிருந்தது அதனால்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவினை போய்விட்டது. இப்போது இருப்பது 'சரக்கு வாகனம்' என்ற ஒரே வகை. ஆனால் 'நம்ம பொருள்தானே, பெர்மிட் எதுக்கு' என்ற பேச்சு மட்டும் ஊரில் இன்னும் நிற்கிறது. அதை நம்பி லாரி வாங்குபவர்கள்தான் செக்போஸ்ட்டில் மாட்டுகிறார்கள்.

அந்தச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, சரக்கு வாகனத்தைப் பெர்மிட் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது என்கிறது. சரக்கு ஏற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே விதி. ஆகவே டிராக்டரை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும்போதும் பெர்மிட் கேட்பார்கள். மீறினால் 192-ஏ பிரிவு. முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

இதில் சின்ன வண்டிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. மொத்த எடை என்றால் வண்டியின் எடையும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்தது. ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் அந்த எண் இருக்கும். பிக்கப் வண்டிகளில் பல இந்த வரம்புக்குள் வந்தாலும், அதிகச் சுமை ஏற்றும் மாடல்கள் 3,000-ஐத் தாண்டிவிடும். விளம்பரத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு ஆர்.சி.யைப் பாருங்கள்.

அந்த விலக்கு உங்களுக்குப் பயன்படுமா என்றால், 45 எச்.பி. டிராக்டருக்குப் பயன்படாது. அந்தத் திறனில் உள்ள டிராக்டர் வெறுமனே 1,900 முதல் 2,100 கிலோ வரை இருக்கும். பிக்கப்பே 1,500 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் 3,000-ஐத் தாண்டிவிடுகிறது. பெர்மிட்டுக்குப் பயந்து சின்ன வண்டியை எடுத்தால் அதிக எடைக் குற்றத்தில் போய் விழுவீர்கள், அதற்கு அபராதம் இன்னும் பெரிது. 600 முதல் 900 கிலோ வரையிலான மினி டிராக்டர், பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கு உண்மையிலேயே உதவும். அவர்களுக்கும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, மஞ்சள் போர்டு எல்லாம் உண்டு. விலக்கு பெர்மிட்டுக்கு மட்டும்தான்.

இப்போது எடைக் கணக்கு. லாரி வாங்கும் முன் இதைத் தாளில் போட்டுப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் லைசென்ஸ், பெர்மிட், வரி எல்லாமே இதிலிருந்துதான் பிறக்கின்றன. டிராக்டர் 2,000 கிலோ என்று கம்பெனி போட்டிருப்பது வெறும் டிராக்டருக்கு. பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் ஒரு டயருக்கே 100 லிட்டருக்கு மேல் போகும், அதாவது இரண்டுக்கும் சேர்த்து 200 கிலோவுக்கு மேல் கூடுதல். முன்பக்க இரும்பு எடை, டேங்க் நிறைய டீசல், சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீல், ஆறடி ரோட்டவேட்டர் ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ, ஒன்பது கொத்து கலப்பை 200-க்கு மேல். எல்லாம் சேர்ந்தால் 'ரெண்டு டன் டிராக்டர்' மூன்று டன்னுக்கு மேல் நிற்கும்.

டாடா 407 வகை வண்டிகளின் மொத்த எடை நாலரை முதல் ஐந்து டன். பாடி கட்டிய வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டு டன்னை ஒட்டித்தான். கருவி எதுவும் இல்லாத ஒரு டிராக்டர் அதில் சட்டத்துக்குள் வரும், ரோட்டவேட்டரையும் சேர்த்தால் தாண்டிவிடும். 7,490 கிலோ வகை லாரியில் சுமார் நாலு டன் ஏற்றலாம். ஒரு டிராக்டர் முழுக் கருவிகளோடு நிம்மதியாகப் போகும். எடைக் கணக்கில் இரண்டு வெறும் டிராக்டர் அடங்குவது போலத் தெரிந்தாலும் நீளம் விடாது. ஒரு டிராக்டர் மூன்றரை மீட்டர், இரண்டுக்கு ஏழு மீட்டர், 17 அடி பாடி என்பது ஐந்து மீட்டரை ஒட்டித்தான். இரண்டையும் ஒரே நடையில் கொண்டுபோக 24 அடி பாடியும், பதினொன்று, பன்னிரண்டு டன் மொத்த எடையும் உள்ள லாரி வேண்டும். அதிலும் கருவிகளுக்குத் தனியாக இடம் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டிராக்டரைக் கருவியோடு ஒரு எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் சீட்டு லாரி பேரம் பேசும்போதும் உதவும், பிறகு வழியில் காட்டவும் உதவும்.

அதிக எடைக்கு 194-ஆம் பிரிவு. 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதிகமான சுமையை இறக்கும் செலவும் உங்கள் தலையில். இறக்காமல் வண்டியை நகர்த்த விடமாட்டார்கள். நெல் மூட்டை என்றால் பத்து மூட்டையை இறக்கிவிட்டுப் போகலாம். டிராக்டரில் பாதியை இறக்க முடியாது, வேறு லாரி வரவேண்டும், அல்லது டிராக்டரை அங்கேயே இறக்கி ஓட்டிப் போகவேண்டும். எடை போட மறுத்து ஓடினால் 40,000. லாரியை ஓட்டியது நீங்கள் இல்லை என்றாலும், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் கொள்ள முடியும்.

எடை சரியாக இருந்தும் அளவில் மாட்டுகிறவர்கள் உண்டு. பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, அனுமதித்த உயரத்துக்கு மேலோ சுமை நீண்டால் அதற்கும் 20,000. முன்பு பின்பக்கம் ஒரு மீட்டர் நீட்டிக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. நீட்டிய கம்பிகளில் மோதி ஏராளமானோர் இறந்ததால் 2014-இல் அதை எடுத்துவிட்டார்கள். பின்கதவைத் திறந்து வைத்து ரோட்டவேட்டர் வெளியே தொங்க ஓட்டுவது இந்தக் குற்றம்தான். இரவில் பின்னால் வரும் பைக்காரரின் நெஞ்சு உயரத்தில் அந்தக் கத்திகள் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள், அபராதம் அதற்கு அப்புறம். கருவியைக் கழற்றி பாடிக்குள்ளேயே வையுங்கள்.

உயரத்தில் கவனிக்க வேண்டியது கூரை. லாரித் தளம் தரையிலிருந்து 1.1 முதல் 1.2 மீட்டர், டிராக்டர் புகைக்குழாய் வரை 2.2 முதல் 2.4 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் மூன்றரை மீட்டரை ஒட்டி நிற்கும். 3.8 மீட்டருக்குள் இருந்தால் எந்தச் செக்போஸ்ட்டிலும் கேள்வி வராது. வெயிலுக்குப் போட்ட இரும்புக் கூரை இருந்தால் இந்தக் கணக்கு உடனே தவறிவிடும். கழற்றிவிட்டு ஏற்றுங்கள். ரயில்வே கீழ்ப்பாலத்தின் உயரத் தடுப்புக் கம்பி கூரையைத்தான் முதலில் பிடிக்கும். அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்கவேண்டும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர் பாடிக்குள் அடங்காமல் பலகையை நெருக்கும், அதையும் கழற்றித்தான் ஏற்ற வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய எண் 7,500. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் குறிப்பு வேண்டியதில்லை. இது பல ஆண்டுகள் வழக்கில் கிடந்து, 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பஜாஜ் அலையன்ஸ் - ரம்பா தேவி வழக்கில் தீர்த்து வைத்தது. 7,490 என்ற எண் லாரிகளில் அடிக்கடி கண்ணில் படுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். உங்கள் நிலையில் ஒரு டிராக்டராக இரண்டு நடை போவதே போதும் என்றால் இந்த வகை லாரிதான் என் பரிந்துரை. காருக்கு எடுத்த லைசென்ஸே போதும், வரியும் குறைவு, கிராமத்துச் சாலையில் திரும்பவும் செய்யும்.

7,500-ஐத் தாண்டினால் டிரான்ஸ்போர்ட் வாகன லைசென்ஸ் கட்டாயம். வயது 20 நிறைந்திருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். 1-ஏ படிவத்தில் மருத்துவச் சான்று, அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியின் 5-ஆம் படிவச் சான்று, பிறகு ஓட்டுநர் தேர்வு. எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது, அதைக் காட்டி யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். இந்த லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வகை. சாதாரண லைசென்ஸ் 40, 50 வயது வரை ஓடுகிறதே என்ற நினைப்பில் இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று: சிலரிடம் பழைய லைசென்ஸில் 'டிராக்டர்' என்ற வகை மட்டும் இருக்கும். அதை வைத்து லாரி ஓட்ட முடியாது. எல்.எம்.வி. வைத்திருப்பவர் டிராக்டரை ஓட்டலாம், மறுபக்கம் செல்லாது.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சரக்கு வாகனப் பெர்மிட் போதும். ஐந்து வருடம் செல்லும். முடியும் தேதிக்குப் 15 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் அரசின் பரிவாகன் இணையதளத்தில். அதற்கு முன் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும், எஃப்.சி., இன்சூரன்ஸ், காலாண்டு வரி மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். பழைய லாரியில் முதலில் பார்க்க வேண்டியது நிலுவை வரியும் இ-செலானும். அவை தீராமல் பெயர் மாற்றம் இழுத்தடிக்கும், பெயர் மாறாமல் பெர்மிட் நகராது. எஃப்.சி. எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடா வருடம். பிரதிபலிக்கும் ஒட்டுப்பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பின்பக்க, பக்கவாட்டுத் தடுப்புக் கம்பிகள், இவற்றில்தான் பழைய வண்டிகள் எஃப்.சி.யில் திரும்புகின்றன. 15 வயது கடந்த லாரிக்கு எஃப்.சி. கட்டணமே பல மடங்கு, விலை மலிவு என்று அதில் விழவேண்டாம்.

ஆந்திராவுக்குப் போவதற்கு இரண்டு வழி. ஒன்று நேஷனல் பெர்மிட்: வருடத்துக்கு 16,500 ரூபாய் கூட்டுக் கட்டணம், 1,000 ரூபாய் அங்கீகாரக் கட்டணம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு அச்சு லாரி 12 வயதைத் தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது, பல அச்சு வண்டிக்கு 15 வயது. ஐந்து லட்சத்துக்குக் கிடைக்கிறதே என்று 13 வயது லாரியை வாங்கினால் மாநில எல்லையோடு அது நின்றுவிடும். வருடத்துக்கு ஒரு சீசன் மட்டும் போகிறவர்களுக்கு 87-ஆம் பிரிவின் தற்காலிகப் பெர்மிட் பொருத்தம். பருவகாலத் தொழிலுக்கு என்றே அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது, அதிகபட்சம் நாலு மாதம். இன்னொரு மாநிலத்துக்குச் செல்ல அந்த மாநிலத்தின் இசைவோடு, அங்கே செலுத்த வேண்டிய வரியையும் கட்டி எடுக்க வேண்டும். உழவு சீசன் இரண்டு மாதம் என்றால் வருடம் முழுக்க 17,500 கட்டுவதை விட இது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பாருங்கள்.

நேஷனல் பெர்மிட் வைத்திருந்தாலும் வெளி மாநிலத்துக்குள் ஓர் ஊரில் ஏற்றி அதே மாநிலத்தில் இன்னோர் ஊரில் இறக்கக்கூடாது. நெல்லூர் பக்கம் வேலை முடித்து அங்கிருந்து குண்டூர் பக்கம் லாரியில் மாற்றுவது இந்த விதிக்குள் வந்துவிடும். அந்த மாதிரி உள்நகர்வுகளை டிராக்டரை ஓட்டியோ, உள்ளூர் லாரி பிடித்தோ செய்வது பாதுகாப்பு.

லாரியில் ஏறிய டிராக்டர் சட்டத்தின் கண்ணில் சரக்கு. ஆனாலும் அதன் அசல் ஆர்.சி. அல்லது டிஜிலாக்கர் பதிவு கையில் இருக்கட்டும். திருட்டு டிராக்டரா என்பதுதான் போலீசின் முதல் சந்தேகம், சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சேறு படிந்த எண் தகட்டை ஏற்றும் முன்பே துடைத்து வைத்தால் நடுரோட்டில் அரைமணி மிச்சம். இறக்கிய பிறகு அது வண்டி. இன்சூரன்ஸ் இல்லாத டிராக்டரை அங்கே சாலையில் ஓட்டினால் தனி வழக்கு. ஒரே வெளி மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சீசனுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது வராது, அங்கேயே ஆள்போட்டு விட்டுவைப்பவர்களுக்கு வரும்.

சரக்கை நகர்த்த ஜி.எஸ்.டி. முறையில் இணையத்தில் எடுக்கும் இ-வே பில் பற்றியும் குழப்பம் இருக்கிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் போக அது வேண்டும், தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம். விற்பனை இல்லாவிட்டாலும், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் தன் பொருளைத் தானே நகர்த்தும்போதும் இது பொருந்தும், 'சொந்தப் பயன்பாடு' என்ற வகையில் எடுக்கலாம். பதிவு இல்லாத விவசாயிக்குக் கட்டாயம் இல்லை. விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். கட்டாயம் இல்லை என்றாலும் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்: டிராக்டர் எண், சேஸிஸ் எண், எங்கிருந்து எங்கே, உழவு வேலைக்கு, விற்பனைக்கு இல்லை என்று. ஆர்.சி. நகலோடு அது இருந்தால் பேச்சு குறையும்.

இன்சூரன்ஸில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். லாரியின் தேர்ட் பார்ட்டி பாலிசி அடுத்தவர் உயிருக்கும் பொருளுக்கும் மட்டும். உங்கள் டிராக்டர் உங்கள் பொருள், லாரி கவிழ்ந்து அது நொறுங்கினால் அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் வராது. டிராக்டருக்கென்று முழுப் பாலிசி இருந்தால் நிலைமை வேறு. வண்டி சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அதன் சொந்தச் சேதப் பகுதியில் அடங்கும். பழைய டிராக்டர் என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் கிடையாது. லாரி வாங்கும் மாதத்திலேயே டிராக்டர் பாலிசியையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கூட வரும் ஆட்கள் கேபினில்தான் உட்கார வேண்டும், ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கைக்குள். சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ லாரியில் வரலாம், இன்சூரன்ஸும் உண்டு. ஆனால் சரக்கோடு பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காற்றோட்டமாக இருக்கிறதென்று டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்து வரும் பையன் விழுந்தால், அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு முழுவதும் உங்கள் கைப்பணம். இதை ஒரு தடவைக்கும் அனுமதிக்காதீர்கள்.

ஏற்றும் விதமும் சட்டத்தோடு ஒட்டியதுதான், கட்டாத சுமை ஆபத்தான சுமை. ஒரு மீட்டர் உயரத் தளத்துக்கு மூன்று மீட்டர் ஏறுபலகை போட்டால் சரிவு 20 பாகையை ஒட்டிவிடும், நாலு மீட்டராவது வேண்டும். மண்மேட்டில் லாரியை ஒட்டி நிறுத்தி ஏற்றுவது இன்னும் நல்லது. இரு சக்கர இழுவை டிராக்டரை ரிவர்ஸில் ஏற்றி, முன்னோக்கி இறக்குங்கள். எடை பின்சக்கரத்தில் இருப்பதால் முன்னோக்கி ஏறும்போது முகப்பு தூக்கும். அதற்கு முன் இடது வலது பிரேக் பெடல்களைக் கொக்கியால் சேர்த்துவிட வேண்டும். வயலில் பிரித்து வைத்ததை மறந்து, பலகையில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் பக்கவாட்டில் திரும்பிப் பலகையை விட்டு இறங்கிவிடும். இந்த வேலையில் உயிர் போகும் இடம் இதுதான்.

ஏறியதும் டிராக்டரின் பின்சக்கரம் லாரியின் பின் அச்சுக்குச் சற்று முன்னால் நிற்கட்டும். கடைசி ஓரத்தில் நிறுத்தினால் மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு தாங்காது, ஸ்டியரிங் லேசாகிவிடும். கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, நாலு டயருக்கும் கட்டை கொடுத்து, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு ராட்செட்டால் இறுக்குங்கள். திடீர் பிரேக்கில் இரண்டு டன் டிராக்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் விசையோடு முன்னே தள்ளும், தேங்காய்க் கயிறு அதற்கு ஈடாகாது. முன்பக்கம் அச்சுத் தாங்கியிலும் பின்பக்கம் இழுவைச் சட்டத்திலும் கட்டுங்கள். ஸ்டியரிங் கம்பியிலும் ஹைட்ராலிக் கைகளிலும் கட்டக்கூடாது, வளைந்துவிடும். முகம் பின்னோக்கி நின்றால் காற்று பானெட்டைத் தூக்கும், அதையும் ஒரு பெல்ட்டால் கட்டி, புகைக்குழாய் வாயை மூடுங்கள். பத்து இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சங்கிலியைத் திரும்ப இறுக்குங்கள், டயர் அமுங்கி முதல் கட்டு எப்போதும் தளர்ந்திருக்கும்.

ஒரு டிராக்டரின் டிரெய்லரில் இன்னொரு டிராக்டரை ஏற்றலாமா என்றும் கேட்கிறார்கள். விவசாய டிராக்டர் சரக்கு வாகனம் இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் டிரெய்லர் கோர்த்துச் சரக்கு ஏற்றும்போது அது சரக்கு வாகனம் ஆகிவிடும் என்று 2005-இல் நட்வர் பாரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த விளைச்சலையும் உரத்தையும் கொண்டுபோவதை யாரும் தடுப்பதில்லை, இன்னொரு டிராக்டரை ஏற்றினால் அந்தச் சலுகைப் பேச்சு நிற்காது. டிரெய்லர் பிரேக்கும் அந்த எடைக்கு ஆனதில்லை.

சரக்கு வாகனப் பெர்மிட் எடுத்தபின் பக்கத்து விவசாயியின் டிராக்டரையும் வாடகைக்கு ஏற்றிப் போகலாம். அதற்குத் தனி அனுமதி வாங்கத் தேவையில்லை. சீசன் இல்லாத மாதங்களில் லாரி தன் வரியைத் தானே சம்பாதித்துக்கொள்ள இது உதவும்.